கவிஞருக்கு மகள் இல்லை

அப்பாவின் நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் மகள் கேட்டது. இதற்கு ஒன்பது வருஷம் ஆகும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், போட்டது போட்டபடி போட்டுவிட்டு அன்றைக்கே ஓடியிருப்பாள்.

அப்பா சினிமாவுக்குப் பாட்டு எழுதியவர். நானூறு பாட்டுக்கு மேல் எழுதினார். மகள் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை பார்க்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது அப்பா போன் செய்தார். "நோட்டுல கடைசிப் பக்கத்துல ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். உனக்குத்தான். வந்து பாரு" என்றார். "கடையில ஆள் இல்லப்பா, ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள் இவள். சனிக்கிழமை காலையிலேயே அப்பா போய்விட்டார்.

அடுத்த இரண்டு நாள் வீட்டில் ஒரே கூட்டம். ஆறுதல் சொல்ல வந்த பேராசிரியர் ஒருவர், போகும்போது நோட்டு இருந்த அப்பாவின் டிரங்குப் பெட்டியையும் கையோடு கொண்டுபோய்விட்டார். அத்தைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "பெரிய மனுஷன் கேக்கறாரு, எப்படிம்மா மாட்டேங்கறது?" என்றாள். பெட்டிக்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. 'ஆய்வு முடிந்ததும் திருப்பித் தரப்படும்' என்று அதில் எழுதியிருந்தது.

ஆய்வு முடிகிறதாகக் காணோம். அதற்குப் பதிலாக வளர்ந்தது. பல்கலைக்கழகத்தில் அப்பாவின் பெயரில் ஒரு துறையே தொடங்கி, அதற்குத் தனிக் கட்டடம் கட்டி, கட்டடத்துக்கு முன்னால் அப்பாவுக்குச் சிலையும் வைத்துவிட்டார்கள். சிலையின் கையில் இறகுப் பேனா இருக்கும். அப்பா ஆயுசு முழுக்கப் பென்சிலால்தான் எழுதினார். மகள் வருஷத்துக்கு நாலு கடிதம் போட்டாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இந்தப் புதன்கிழமைப் பத்திரிகையில்தான் செய்தி வந்தது. கவிஞரின் கையெழுத்து நோட்டு, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டு, வருங்காலத் தலைமுறைக்காக ஐம்பது ஆண்டுகளுக்கு முத்திரையிடப்படுமாம். மகளுக்கு வயது நாற்பத்தெட்டு. தொண்ணூற்றெட்டாவது வயதில் போய் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். கண் தெரிந்தால்.

அன்று ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, வியாழக்கிழமை காலை கடைக்கு லீவு சொல்லிவிட்டு மகள் கிளம்பினாள்.

துறை அலுவலகம் ஒன்பதரைக்குத் திறந்தது. கண்காணிப்பாளர் பத்தேகாலுக்கு வந்தார். வந்ததும் மேஜையைத் துடைத்தார், நாற்காலியைத் துடைத்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"நான் அவரோட மகள் சார்."

"எந்த மகள்?"

"எந்த மகள்னா? அவருக்கு நான் ஒருத்திதான்."

"அப்படிப் பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாதும்மா. மகள் மூணு வகை இருக்கு. மண்ணாகிய மகள், உயிராகிய மகள், காலமாகிய மகள். நீங்க எதுல வர்றீங்க?"

மகள் திருதிருவென்று விழித்தாள். அவர் இரக்கப்பட்டு, துறை வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலை எடுத்துப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 'கவிஞருக்கு மக்கட்பேறு இல்லை. அந்தத் தீராத ஏக்கமே நாற்பத்து மூன்று பாடல்களில் "மகளே" என்னும் விளியாகப் பீறிட்டது' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அடிக்குறிப்பில், இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய பதினோரு முனைவர் பட்ட ஆய்வுகளின் பட்டியல் இருந்தது.

"நான் இங்கதானே சார் நிக்கறேன்" என்றாள் மகள்.

"நிக்கறீங்க. நான் இல்லேங்கல. ஆனா ஆதாரம் வேணுமில்ல?"

அவள் பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அப்பா பெயர், அம்மா பெயர், அரசாங்க முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தன. கண்காணிப்பாளர் அதை நுனி விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது முதல்நிலை ஆதாரம்மா. இதையெல்லாம் நாங்க நேரடியா எடுத்துக்கறதில்ல. இந்தச் சான்றிதழ் பத்தி யாராவது கட்டுரை எழுதியிருந்தா, அந்தக் கட்டுரையைக் கொண்டு வாங்க. அதை எடுத்துப்போம்."

"இதப் பத்தி யாரு சார் கட்டுரை எழுதுவா?"

"நீங்களே எழுதலாம். நம்ம ஆய்விதழ்லயே போடுவாங்க. என்ன, பதினோரு பேர் படிச்சுப் பார்த்து ஒத்துக்கணும்." அந்தப் பதினோரு பேர் யார் என்று மகள் கேட்கவில்லை. அடிக்குறிப்பிலேயே இருந்தது.

காப்பகத்துக்குள் போக வேண்டுமானால் படிவம் நிரப்ப வேண்டும். படிவத்தில் ஆய்வாளர், விருந்தினர், பொருள் என்று மூன்று கட்டம் இருந்தது. ஆய்வாளர் என்றால் ஆறு மாதம் பதிவுக் காலம். விருந்தினர் என்றால் அமைச்சர் நிலைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். உறவினர் என்று ஒரு கட்டம் ஆதியில் இருந்ததாம். கவிஞருக்கு உறவே இல்லை என்று நிறுவப்பட்டதும் காகிதத்தை மிச்சப்படுத்துவதற்காக அதை எடுத்துவிட்டார்கள். ஒரு பெட்டியைத் தூக்கிக் கொடுத்த பாவத்துக்கு அத்தையும் காணாமல் போயிருந்தாள்.

அவள் நகர்கிற மாதிரி தெரியவில்லை. கால் மணிக்கொரு தரம் எழுந்து வந்து, "நாளைக்கு நாலு மணிக்கு மூடிடுவாங்க சார்" என்றாள். ஐந்தாவது தரம் வந்தபோது, தொல்லை விட்டால் போதும் என்று கண்காணிப்பாளர் அவளைத் துறைத்தலைவர் அறைக்குள் தள்ளிவிட்டார்.

உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. துறைத்தலைவர்தான் அன்று ஆறுதல் சொல்ல வந்தவர். மூக்குக் கண்ணாடி இடப்பக்கம் சரிந்திருந்தது, மகளுக்கு அதை நிமிர்த்தக் கை துறுதுறுத்தது. சுற்றிலும் ஏழெட்டு விரிவுரையாளர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். வந்த விஷயத்தை அவள் சொன்னாள். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மா, உங்க உணர்ச்சி எனக்குப் புரியுது. 'மகளே'ன்னு நாற்பத்து மூணு பாட்டுல கூப்பிட்டிருக்காரு. கேக்கற ஒவ்வொருத்தருக்கும் நம்மளத்தான் கூப்பிடறாருன்னு தோணும். எனக்கே தோணியிருக்கு."

"அய்யோ, அது வேற ஒண்ணுமில்ல சார்" என்றாள் மகள். ஒன்பது வருஷமாக யாரும் கேட்காததை மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினாள்.

அப்பாவுக்கு மெட்டு கொடுத்தவுடன் வரி வராது. மெட்டு மறந்துவிடாமல் இருக்க, தாளத்துக்குக் கணக்காக வாயில் வந்ததைப் போட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நல்ல வரி கிடைத்ததும் பழசை அடித்துவிட்டு அதைப் போடுவார். வாயில் வந்தது என்றால் என்ன, வீட்டில் நடக்கிறதுதான். 'அடுப்பைக் குறைச்சு வை மகளே', 'விசிறி சத்தம் போடுது மகளே', 'யாரு வாசல்ல பாரு மகளே'. முன்னால் இருக்கிற அடுப்பும் விசிறியும் போய் நிலாவும் தென்றலும் வந்துவிடும். கடைசியில் வரும் 'மகளே' மட்டும் தாளத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டிருப்பதால் இசையமைப்பாளர் அதை எடுக்க விடமாட்டார்.

"ஒரு பாட்டுல ஒண்ணுமே எடுக்கல சார். அன்னிக்கு மழை. அப்பா மெட்டை முணுமுணுத்துட்டு இருந்தாரு, நான் பக்கத்துல பாடம் படிச்சிட்டு இருந்தேன். 'ஜன்னலைச் சாத்து மகளே, மழை வருது உள்ளே'ன்னு மெட்டுலயே சொன்னாரு. நான் எழுந்து போய்ச் சாத்தினேன். மறுநாள் இசையமைப்பாளர் நோட்டைப் பார்த்துட்டு, இது நல்லாத்தான் இருக்கு, இப்படியே இருக்கட்டும்னுட்டாரு."

விரிவுரையாளர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அந்த ஒரு வரியின் மேல்தான் நாலு முனைவர் பட்டம் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஐம்புலன், மழை மரணம், சாத்துதல் துறவு.

"அப்ப, ஜன்னல்னா ஜன்னல்தான்னு சொல்ல வர்றீங்க" என்றார் தலைவர் மெதுவாக.

"ஆமா சார். ரெண்டு கதவு. ஒரு கொக்கி சரியா மாட்டாது."

"மழை?"

"மழைதான் சார். என் நோட்டெல்லாம் நனைஞ்சு போச்சு."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போது கோடியில் உட்கார்ந்திருந்த இளம் விரிவுரையாளர் துள்ளி எழுந்தார். பட்டம் கிடைக்கத் தலைப்பு அகப்படாமல் மூன்று வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"சார்! இது இதுவரைக்கும் யாரும் செய்யாத வாசிப்பு சார். சொல்லுக்கு அந்தச் சொல்லே அர்த்தம்னு எடுத்துக்கற வாசிப்பு! தன்னையே கவிஞரோட மகளா நம்பற ஒரு வாசகி சார். இவங்களையே நான் ஆய்வுக்கு எடுத்துக்கறேன்."

எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. மகள் உண்மையாக இருந்தால் பதினோரு பட்டத்துக்கு ஆபத்து. மகள் ஓர் ஆய்வுப் பொருளாக இருந்தால் பன்னிரண்டாவது பட்டமே கிடைக்கும்.

"என்னை என்ன வேணா பண்ணிக்கோங்க. நோட்டைப் பாக்க விடுவீங்களா?" என்றாள் மகள்.

"காப்பகத்துக்குள்ள ஆட்களை விட விதி இல்லம்மா. ஆனா..." தலைவர் படிவத்தை எடுத்து மூன்றாவது கட்டத்தைத் தடவிப் பார்த்தார். "ஆய்வுப் பொருள்கள் எல்லாம் காப்பகத்துலதான் இருக்கணும்னு விதியே இருக்கு."

அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பொருள் எண் 412. வகை: மகள் (நம்பிக்கையளவில்). உயரம்: ஐந்தடி இரண்டு அங்குலம். நிலை: லேசான தேய்மானம். சேதம்: வலது சுண்டுவிரலில் பழைய வெட்டுக் காயம். கரையான் அரிப்பு: இல்லை. பெற்றுக்கொண்ட விதம் என்ற இடத்தில் கண்காணிப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'தானாக வந்தது' என்று எழுதினார். மணிக்கட்டில் நூல் கட்டி அட்டை தொங்கவிட்டார்கள். ஆய்வுப் பொருளை வெறும் கையால் தொடக் கூடாது என்பதால், காப்பாளர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

காப்பகம் நிலவறையில் இருந்தது. காப்பாளர் வயதானவர், யாரிடமும் பேசிப் பழக்கம் விட்டுப்போனவர். படியில் தடுமாறித் தடுமாறி இறங்கினார். அவருடைய கண்ணாடியின் ஒரு காலைச் சணல் நூலால் கட்டியிருந்தது.

"இருங்க, அதக் குடுங்க" என்றாள் மகள். பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து, ஒரு திருகாணி போட்டு, இரண்டு நிமிஷத்தில் முடித்துக் கொடுத்தாள். அவர் மாட்டிக்கொண்டு முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதே மூக்கு" என்றார்.

அவர் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. 'வாசகர் எதிர்வினைகள்' என்ற அலமாரியைத் தாண்டி அழைத்துப் போய், 'கையெழுத்துகள்' அலமாரிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

"பொருள் எண் பதினேழு. ஆளுங்க தொடக் கூடாதுன்னுதான் விதி. பொருளும் பொருளும் பக்கத்துல பக்கத்துல இருந்தா உரசத்தான் செய்யும். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அதே பச்சை அட்டை நோட்டு. முனையில் அப்பா பல்லால் கடித்த தடம். மகள் நோட்டைப் பிரித்தாள். நடுவில் எங்கேயும் நிற்காமல் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். துறையின் வட்ட முத்திரை பக்கத்தின் நடுவில் ஊதாவாக அப்பியிருந்தது. அதற்கு அடியில் பென்சில் எழுத்து.

மூக்குக் கண்ணாடி ஆடுது மகளே, காதுல நிக்கல
சின்னத் திருப்புளி எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா மகளே
திருப்புளி மறந்தா பரவாயில்ல
நீ வந்தாப் போதும் மகளே

ஜன்னல் பாட்டின் மெட்டு. வாய்க்குள் பாடிப் பார்த்தபோது ஒரு எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. இந்த வரியை அடித்துவிட்டு மேலே வேறு நல்ல வரி எதுவும் எழுதியிருக்கவில்லை. மகள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள். கண்ணாடி சரி செய்ய ஊரில் கடையா இல்லை? அது ஆடவேயில்லை என்றாலும் அவர் அதைத்தான் எழுதியிருப்பார்.

ஆனால் அது ஆடத்தான் செய்தது. அதே அலமாரியில் பொருள் எண் மூன்றாக, பஞ்சு மெத்தையில் அப்பாவின் கண்ணாடி இருந்தது. வலது கால் கழன்று தொங்கியது. 'கழன்ற நிலை மாற்றப்படக் கூடாது' என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திருப்புளி இன்னும் கையிலேயே இருந்தது.

காப்பாளர் கடைசிவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி மகள் அந்த அலமாரிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை விழா களைகட்டியது. பட்டுத் துணி விரித்த மேஜையில் பேழை. அதன் பக்கத்தில் நோட்டும் கண்ணாடியும். கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலியில், மணிக்கட்டில் அட்டையோடு பொருள் எண் 412. இளம் விரிவுரையாளர் அவளை மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்.

துறைத்தலைவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"அவையோரே! கவிஞரை மக்கள் வெறுமனே பாடிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் பாடினார்கள், பேருந்தில் பாடினார்கள். அந்த அவலத்திலிருந்து அவரை மீட்டெடுத்தது நம் துறை. இன்று எவரும் முன்னனுமதியின்றி அவரைப் புரிந்துகொள்ள முடியாது!"

கைதட்டல் எழுந்தது. மகளும் ஒரு ஓரமாகத் தட்டப்போய், அட்டை ஆடியதால் நிறுத்திக்கொண்டாள்.

"இதோ, அவர் இறுதியாக அணிந்திருந்த கண்ணாடி. இதன் கால் ஆடுகிறது. இந்த ஆட்டம் சாதாரண ஆட்டமா? நிலையாமையின் ஆட்டம்!" என்று கண்ணாடியைத் தூக்கி ஆட்டினார். அது ஆடவில்லை. இன்னும் வேகமாக ஆட்டினார். அவர் கைதான் ஆடியது, தோள் ஆடியது, சரிந்திருந்த அவருடைய கண்ணாடிகூட ஆடியது. அப்பாவின் கண்ணாடி மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றது.

"ஆட்டம் மிக நுண்ணியது. பின்வரிசைக்குத் தெரிய வாய்ப்பில்லை" என்று சொல்லிக் கீழே வைத்தார். முன்வரிசையிலிருந்த பதினோரு முனைவர்களும் தெரிகிறது என்று தலையாட்டினார்கள்.

பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, நாலு வரியையும் கணீரென்று படித்தார். மெட்டு இல்லாமல் படித்தார். கண்ணாடி என்பது பார்வை, திருப்புளி என்பது விதி, வரச் சொல்லி அழைக்கப்படும் மகள் மரணத்தைத் தவிர வேறு யார் என்று விளக்கினார். கடைசியாகக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னும் சிலர் கேட்கிறார்கள், கவிஞருக்கு உண்மையிலேயே மகள் இருந்திருக்கலாமே என்று. அவர்களுக்கு என் எளிய கேள்வி. சொந்த மகள் ஒருத்தி உயிரோடு இருந்தால், கண்ணாடி கழன்றதற்கு ஒரு மனிதன் உட்கார்ந்து பாட்டு எழுதிக்கொண்டிருப்பானா? போனை எடுத்து, வந்துவிட்டுப் போம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா?"

கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. அது அடங்குகிற நேரத்தில் மேடையின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"சொன்னாருங்க. நான்தான் போகல."

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முன்வரிசை முனைவர் ஒருவர் தன் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தலைவர்தான் முதலில் சுதாரித்தார்.

"பொருள்கள் பேசும் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். இன்று அது மெய்ப்பிக்கப்பட்டது" என்றார் புன்னகையோடு. நான்கு மணிக்குப் பேழை மூடி, அரக்கு உருக்கி முத்திரையிட்டார்கள். விழா நடவடிக்கைக் குறிப்பில், 'நிகழ்ச்சியின்போது பொருள் எண் 412இலிருந்து ஒலி வந்தது' என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது.

கூட்டம் கலைந்ததும் மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் கண்காணிப்பாளர் கையை நீட்டி மறித்தார். ஆய்வுப் பொருள் கட்டடத்தை விட்டு வெளியே போவதானால் ஆட்சிக்குழு ஒப்புதல் வேண்டும், ஆட்சிக்குழு இனி அடுத்த ஆண்டுதான் கூடும் என்றார். அவள் அட்டையைப் பிய்த்து எறியப் போனாள். அதற்குள் காப்பாளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவசர அவசரமாக வந்தார்.

"பழுதுபார்க்க வெளியே அனுப்பறதுக்கு ஒப்புதல் வேண்டாம். நான் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியை ஒரு தடவை தொட்டு நிமிர்த்திக்கொண்டு, வரிசையாக எழுதினார். பொருள் எண் 412. காரணம்: பழுது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"திரும்பி வர்ற நாள்னு ஒண்ணு இருக்கும்மா. என்ன போடட்டும்?"

மகள் மாடிப்படிக்கு அப்பால், நிலவறைக்குப் போகும் கதவைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"ஞாயித்துக்கிழமை வரேன்னு போடுங்க" என்றாள்.

காப்பாளர் அப்படியே எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காப்பகம் திறப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.